15 மணி நேரத்தில் ஊமையாகும் ரேடியோ

புயல், வெள்ளக் காலங்களில் கைகொடுக்கும் ஹாம் ரேடியோ நிலையங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து கிடைக்கிறது? அது ஏன் தேவைப்படும் நேரத்தில் நின்றுபோகிறது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்த காட்சியை டெல்டா விவசாயிகள் இன்றும் மறக்கவில்லை. அன்று காலை கைப்பேசியும் படுத்துவிட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துபோன நிலையில், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் எப்படி இருக்கிறாள் என்று அறியக்கூட விழுந்த மரங்களைத் தாண்டி நடந்துதான் போக வேண்டியிருந்தது.

டவர் விழாத ஊரிலும் இப்படிப்பட்ட நாளில் போன் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் எளிது. டவருக்கு அடியில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசல் தீர்ந்தால் கொண்டுவர வண்டி வேண்டும், வண்டி வரப் பாதை வேண்டும். பாதையின் குறுக்கே மரங்கள் கிடந்தால் அத்தனையும் நின்றுவிடும்.

இந்த மாதிரி நேரத்தில்தான் ஹாம் ரேடியோ என்ற பேச்சு வருகிறது. தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற்று, சொந்தச் செலவில் ரேடியோ நிலையம் வைத்திருக்கும் ஆர்வலர்கள் இவர்கள். சம்பளம் கிடையாது. டவரோ, கேபிளோ, இன்டர்நெட்டோ இல்லாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேரடியாகப் பேசிக்கொள்வார்கள். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், தன் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேயரில் தங்கி உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார். அது பொழுதுபோக்குக்காகப் போன பயணம். 26-ம் தேதி காலையில் நிலம் குலுங்கியது, சுனாமி வந்தது, தீவுகளின் தொடர்பு அறுந்தது. அதன் பிறகு பல நாள்கள் அந்த நிலையம் வழியாகத்தான் பலருடைய உறவினர்களைப் பற்றிய தகவல் கரைக்கு வந்து சேர்ந்தது.

இதைக் கேட்டதும் பலரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ‘எல்லாம் போனாலும் ஹாம் ரேடியோ போகாது’ என்பதே அந்த முடிவு. அது பாதிதான் உண்மை. ரேடியோவும் கரன்ட்டில்தான் ஓடுகிறது. அதன் பேட்டரி செத்தால் அதுவும் ஊமைதான்.

மலை மேல் இருக்கும் ரிப்பீட்டர்

கையில் பிடித்துப் பேசும் சிறு ரேடியோவின் சக்தி 5 வாட். சமவெளியில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அது சில கிலோமீட்டர் எட்டினால் அதிகம். அதனால் மலை உச்சியிலோ, உயரமான கட்டடத்தின் மேலோ ரிப்பீட்டர் என்ற கருவியை வைக்கிறார்கள். கீழிருந்து வரும் மெல்லிய குரலை அது ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் வேறோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். நல்ல உயரத்தில் அமைந்த ஒரு ரிப்பீட்டர் இரண்டு, மூன்று மாவட்டங்களை ஒரே பேச்சு வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடும்.

இந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. நூறு பேரிடம் ரேடியோ இருந்தாலும், மலை மேல் இருக்கும் அந்த ஒரு பெட்டி நின்றால் நூறு பேரும் தனித்தனித் தீவாகிவிடுவார்கள். அந்தப் பெட்டியோ ஆள் இல்லாத அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது எட்டிப்பார்க்கும் இடத்தில் இருக்கிறது. மெயின் லைன் இருக்கும்வரை பேட்டரி நன்றாக இருக்கிறதா, செத்துவிட்டதா என்பது வெளியே தெரியாது. சார்ஜரே ரேடியோவை ஓட்டிக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு எரியும். கரன்ட் போகும் நொடியில்தான் குட்டு வெளிப்படும்.

வீட்டு இன்வெர்ட்டரில் இதை அனுபவித்த விவசாயிகள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கரன்ட் போகும்போதெல்லாம் நன்றாக வேலை செய்யும். புயலன்று இரவு ஒரு மணி நேரத்தில் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

கறவை நாள் கணக்கு

எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டால், ‘100 ஆம்பியர்-மணி பேட்டரி போட்டிருக்கிறோம், இரண்டு நாள் தாங்கும்’ என்று சொல்வது வழக்கம். அந்த இரண்டு நாள் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

25 வாட் ரிப்பீட்டர் ஒன்று பேச்சை அனுப்பும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கிறது, சும்மா காத்திருக்கும்போது அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் எல்லோரும் பேசுவதைக் கூட்டினால் 2 மணி நேரம் வரும். 2 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி, மீதி 22 மணி நேரக் காத்திருப்புக்கு 11, ஆக ஒரு நாளைக்கு 23. 100 பேட்டரியில் பாதியை, அதாவது 50-ஐ எடுத்துக்கொண்டால் இரண்டு நாளுக்குச் சற்று மேல் வருகிறது. கணக்கு சரிதான்.

ஆனால் இது சாதாரண நாளின் கணக்கு. புயல் நாளில் யாரும் 2 மணி நேரம் பேசிவிட்டு ஓய மாட்டார்கள். எந்த ஊரில் என்ன நிலைமை, எந்தப் பாலம் உடைந்தது, எந்த முகாமுக்குப் பால் பவுடர் வேண்டும், எங்கே கர்ப்பிணிக்கு வண்டி வேண்டும் என்று ராப்பகலாகப் பேச்சு ஓடும். நாளில் பாதி நேரம் அனுப்புவதிலேயே போனால் 12 மணி நேரத்துக்கு 72 ஆம்பியர்-மணி, காத்திருக்கும் 12 மணி நேரத்துக்கு 6, ஆக 78. அதே 50 ஆம்பியர்-மணி இப்போது 15 மணி நேரத்தில் காலி. பேட்டரி நான்கு வருடப் பழசாகி, அதன் கொள்ளளவு 60-க்குச் சுருங்கியிருந்தால் 9 மணி நேரம்தான். நள்ளிரவில் கரை கடக்கும் புயலுக்கு, காலை 9 மணிக்கு ரேடியோ ஊமை. மீட்புக்கு ஆள் கிளம்புவதே அப்போதுதான்.

சினையில்லாத வறட்டு மாட்டுக்குப் போடும் தீவனத்தை வைத்து, பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்குக் கணக்குப் போட்டதைப் போன்றது இது. எந்த நாளுக்காகப் பேட்டரி வாங்குகிறோமோ அந்த நாளின் செலவை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும்.

மலைப் பாதை திறக்க மூன்று நாளாகலாம் என்று எடுத்துக்கொண்டால் 78-ஐ மூன்றால் பெருக்கி 234 ஆம்பியர்-மணி தேவை. ஆபத்து நாளில் பேட்டரியின் ஆயுளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாதியில் நிறுத்தாமல் 80 சதவிகிதம்வரை உறிஞ்சலாம். அப்படியும் ஏறக்குறைய 300 ஆம்பியர்-மணி, அதாவது இரண்டு 150 பேட்டரி வேண்டும்.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. புதிதாக வாங்குவதற்கு முன் இழுப்பைக் குறைக்கலாம். 25 வாட்டில் ஓடும் ரிப்பீட்டரை ஆபத்துக் காலத்தில் 10 வாட்டுக்கு இறக்கினால் இழுப்பு பாதியாகக் குறையும். கேட்பவருக்கோ பெரிய வித்தியாசம் தெரியாது. ரேடியோவில் சக்தியை இரண்டரை மடங்கு குறைப்பது, சிக்னல் மீட்டரில் ஒரு கோட்டைக்கூட முழுதாக இறக்காது. எல்லையோரத்தில் இருக்கும் சிலருக்கு மட்டும் குரல் கரகரக்கும். அவர்கள் ஏரியலைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம். அனுப்பும்போது 3 ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 42, மூன்று நாளைக்கு 126. இழுத்துப் பிடித்தால் ஒரே 150 பேட்டரியில் ஓட்டிவிடலாம்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். ஒருவர் பேசி முடித்த பிறகும் ரிப்பீட்டர் சில நொடி சும்மா அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை ‘வால்’ என்பார்கள். ஐந்து நொடி வாலை ஒரு நொடியாக வெட்டினால், ஒரு நாளில் ஆயிரம் முறை பேச்சு மாறும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். மின்னலின் இரைச்சலுக்கெல்லாம் ரிப்பீட்டர் கண் விழிக்காமல் இருக்க, டோன் பூட்டும் அவசியம். இரண்டுக்கும் காசு செலவில்லை.

கடைமடைக்கு வராத வோல்ட்

பேட்டரியில் பாதி மிச்சம் இருக்கும்போதே ரேடியோ நின்றுபோவது இன்னொரு கூத்து. பேட்டரியை மாற்றிப் பார்த்தும் தீராது. குறை பேட்டரியில் இல்லை, வயரில்.

வாய்க்காலில் தலைமடைக்குத் தண்ணீர் நிறைய இருந்தாலும், தூர்ந்த வாய்க்காலில் கடைமடைக்கு வருவது சொட்டுச் சொட்டாகத்தான். கரன்ட்டும் அப்படியே. பேட்டரியிலிருந்து ரேடியோ 6 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை இழுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். போகவும் வரவும் சேர்த்து 12 மீட்டர். 6 ஆம்பியர் ஓடும்போது இதிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் கரைந்துவிடும். 12.2 வோல்ட்டில் இருக்கும் பேட்டரி, அதாவது ஏறக்குறைய பாதி நிறைந்திருக்கும் பேட்டரி, ரேடியோவின் வாசலில் 11.3 வோல்ட்டாகத்தான் நிற்கும். பல ரேடியோக்களுக்கு 11.7-க்குக் கீழே போனால் ஆகாது. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.2 வோல்ட் சுமாருக்குள் அடங்கிவிடும். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பெரிய ஓட்டை.

கம்பியோடு முடியவில்லை. பச்சை பூத்த டெர்மினல், தளர்ந்த நட்டு, சூடேறிக் கருத்த ஃபியூஸ் கூடு ஒவ்வொன்றும் வாய்க்காலில் கிடக்கும் கட்டைதான். மலையில் மூடுபனியின் ஈரம் இதை இன்னும் வேகப்படுத்தும். கண்டுபிடிக்கும் வழி சுலபம். ரேடியோவை அனுப்பும் நிலையில் வைத்து, மல்டிமீட்டரால் முதலில் பேட்டரி முனையில் அளக்க வேண்டும், பிறகு ரேடியோவின் முனையில் அளக்க வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நடுவில் எங்கோ அடைப்பு. கை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும் இடம்தான் பெரும்பாலும் குற்றவாளி. சுத்தம் செய்து, முறுக்கி, வாஸ்லின் தடவினால் போதும். கிரீஸை இரண்டு உலோகத்துக்கு நடுவே பூசிவிட்டு முறுக்குகிறவர்களும் உண்டு. மேலே பூச வேண்டியதை உள்ளே பூசினால் அதுவே தடையாகிவிடும்.

இதைவிடப் பெரிய வீண் செலவு இன்வெர்ட்டர் வழியாக ரேடியோவை ஓட்டுவது. பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக்குகிறது. பக்கத்திலேயே இருக்கும் பவர் சப்ளை அதை மறுபடியும் 13.8 ஆக்கி ரேடியோவுக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு கையிலும் 15 சதவிகிதம் போனால்கூட கால் பங்குக்கு மேல் காற்றில் போய்விடும். கிணற்றடி வயலுக்குப் பாய்ச்ச, தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி இறக்குகிற கதை. அதோடு சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதன் இரைச்சல் வேறு ரேடியோவுக்குள் புகும். பேட்டரியிலிருந்து, பேட்டரிக்கு ஒட்டியே வைத்த ஃபியூஸ் வழியாக, நேராக ரேடியோவுக்குக் கொண்டுபோவதே முறை.

பேட்டரியைக் கொல்வது யார்?

பேட்டரியைக் கரன்ட் வெட்டு கொல்வதைவிடச் சார்ஜர் கொல்வதே அதிகம். ஈய-அமில பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்க 13.6 வோல்ட் சுமாரில் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த அளவு 25 டிகிரி, 27 டிகிரி வெப்பத்துக்கானது. தகரக் கூரை போட்ட சமவெளி அறையில் மே மாதம் 42 டிகிரி ஏறும்போது 13.3 போதும். 13.6-ஐயே கொடுத்தால் தண்ணீர் கொதித்து வற்றும், தகடு அரிக்கும். அதே சார்ஜரைக் கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ். 10 டிகிரி குளிரில் 13.9 வேண்டும். 13.6 கொடுத்தால் வயிறு நிறையாது. அரைப் பசியிலேயே கிடக்கும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். கீழே நன்றாக உழைத்த சார்ஜர் மேலே பேட்டரியைக் கெடுத்ததற்கு ராசி காரணமில்லை. வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டை மாற்றும் சார்ஜர் கடையில் கிடைக்கிறது. அதன் உணர்வுக் கம்பியைப் பேட்டரியின் உடம்பில் ஒட்ட வேண்டும், சுவரில் தொங்கவிடக் கூடாது.

சார்ஜரின் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. புயல் முடிந்து கரன்ட் வந்துவிட்டது, ஆனால் பேச்சு ஓயவில்லை. ரிப்பீட்டரின் சராசரி இழுப்பு 3 ஆம்பியருக்கு மேல். 5 ஆம்பியர் சார்ஜரில் பேட்டரிக்கு மிஞ்சுவது 2 ஆம்பியருக்கும் குறைவு. காலியான பேட்டரி நிறைய இரண்டு நாளாகும். அதற்குள் கரன்ட் மறுபடியும் போகும். ஊற்றுக்கு மேல் இறைக்கும் கிணறு நிறைவதில்லை. 100 பேட்டரிக்கு 10 ஆம்பியரும், அதன் மேல் ரேடியோவின் இழுப்பும் சேர்த்துத்தான் சார்ஜர் வாங்க வேண்டும்.

பேட்டரி வகையைப் பற்றிச் சுருக்கமாக: கார் பேட்டரி இன்ஜினைத் திருகுவதற்கானது. மெல்லிய தகடு, ஆழமாக வடிந்தால் சீக்கிரம் சாகும். இந்த வேலைக்கு டியூபுலர் நல்லது. மாதம் ஒருமுறை ஆள் போக முடியாத இடமானால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல்டு வகை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை குறைவு, ஆயுள் அதிகம். அதை 80 சதவிகிதம்வரை தாராளமாகப் பயன்படுத்தலாம், விலைதான் கூடுதல். ஆனால் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில், பேட்டரி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது. கடைசிவரை 13 வோல்ட் என்று காட்டிவிட்டுச் சட்டென்று வெட்டிக்கொள்ளும்.

எந்த வகையானாலும் பழசோடு புதுசைச் சேர்த்துக் கட்டுவது கூடாது. பழசு புதுசையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

முளைப்புத்திறன் சோதனை

ஈரச் சாக்கில் நூறு நெல்லைப் போட்டு முளைப்பு பார்க்காமல், வீட்டு விதையை நாற்றங்காலில் கொட்டும் விவசாயி இல்லை. நெல் விதைக்கு 80 சதவிகிதம் முளைப்பு இருந்தால்தான் சான்று. பேட்டரித் தொழிலிலும் அதே 80-தான் எல்லை. வாங்கிய கொள்ளளவில் 80 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கிய பேட்டரி, காப்பு மின்சாரத்துக்கு லாயக்கில்லை. அதன் பிறகு அது படிப்படியாக இறங்காது, சறுக்கும்.

ஆனால் அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? பெரும்பாலான நிலையங்களில் ‘செக்’ என்பது மீட்டரை வைத்து 13.6 காட்டுகிறது என்று எழுதிவிட்டு வருவதுதான். அது சார்ஜரின் வோல்ட், பேட்டரியின் வோல்ட் இல்லை. செத்த பேட்டரியும் சார்ஜரோடு இருக்கும்போது 13.6 காட்டும்.

சரியான சோதனைக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று போதும். அது நான்கரை ஆம்பியர் இழுக்கும். பேட்டரி முழுதும் நிறைந்த பிறகு மெயினை அணைத்து, சார்ஜரைப் பிரித்து, சில மணி நேரம் ஆறவிட வேண்டும். அப்போது 12.7 சுமார் இருப்பது நலம். பிறகு பல்பை எரியவிட்டு மணிக்கொருமுறை வோல்ட்டை நோட்டில் குறிக்க வேண்டும். நல்ல 100 பேட்டரி ஐந்து மணி நேரத்தில் தன்னிடம் இருப்பதில் கால் பங்கைக்கூடக் கொடுத்திருக்காது. பல்பு எரியும்போதே 12-க்கு மேல் நிற்கும். இரண்டு, மூன்று மணி நேரத்திலேயே 12-க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரியை நம்பிப் புயலுக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே பல்பு, இதே ஐந்து மணி நேரம். பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் எப்போது சறுக்கத் தொடங்கியது என்பது நோட்டிலேயே தெரியும். சோதனை முடிந்ததும் மறுபடியும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் வகையானால் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஐந்து அறை ஒரே அளவு காட்ட, ஒன்று மட்டும் இறங்கி நின்றால் அந்த ஒன்றுதான் மொத்தப் பேட்டரியின் ஆயுள். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ‘மழைத்தண்ணி சுத்தமானதுதானே’ என்று ஓட்டுக்கூரையில் வழிந்ததைப் பிடித்து ஊற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அறைக்கு மேலே காற்றுப்போக்கி இருக்க வேண்டும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது.

அமெரிக்க ஹாம்கள் 1933 முதல் ஆண்டுதோறும் ‘ஃபீல்டு டே’ என்று ஒன்று நடத்துகிறார்கள். இப்போது அது ஜூன் மாதக் கடைசியில் வருகிறது. வயல்வெளியில் கூடாரம் போட்டு, பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் சோலாரிலும் ஒரு நாள் முழுக்கப் பேசிப் பார்க்கும் திருவிழா அது. அதில் எது வேலை செய்கிறது என்பதைவிட எது செய்யவில்லை என்று தெரிந்துகொள்வதுதான் லாபம். நம் ஊருக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. ஆவணி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மெயினை அணைத்துவிட்டு ஓட்டிப்பார்த்தால் கெட்டதை மாற்றக் கையில் ஒரு மாதம் இருக்கும்.

சோலாரும் ஜெனரேட்டரும்

சோலார் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்பது பாதி உண்மை. நல்ல வெயிலில் 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு 400 வாட்-மணிக்கு மேல் தரும். அது 12 வோல்ட் பேட்டரியில் 30 ஆம்பியர்-மணிக்குச் சமம். புயலுக்கு முன்னும் பின்னும் வானம் மூடிக் கிடக்கும் நாள்களில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். புயல் நாளைப் பேட்டரி தாங்க வேண்டும், அடுத்த வாரத்தைச் சோலார் தாங்க வேண்டும் என்று பிரித்துக் கணக்குப் போடுவதே நல்லது. காற்று எச்சரிக்கை வந்தால் பேனலைக் கழற்றி அறைக்குள் வைக்கும்படி நட்டு அமைப்பு இருக்க வேண்டும். மலிவான சார்ஜ் கன்ட்ரோலர்கள் சில, ரேடியோவுக்குள் இரைச்சலைக் கொட்டும். வாங்குவதற்கு முன் பக்கத்தில் ரேடியோவை வைத்துக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஜெனரேட்டரைப் பற்றி ஆயில் இன்ஜின் வைத்திருந்த தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டாமல் வைத்த இன்ஜின் தேவையன்று ஓடாது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் சிக்கல் கூடியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். சில மாதம் தேங்கினால் கார்புரேட்டரில் பிசின் போலப் படியும். மாதம் ஒருமுறை சுமையோடு அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தும்போது பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட வேண்டும். பழைய பெட்ரோலை வண்டியில் ஊற்றிவிட்டுப் புதுசை மாற்றிக்கொள்ளலாம்.

ஏரியல் கம்பம், ரேடியோ, மெயின் மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி எடுத்துத் தொடர்பில்லாமல் விடுவது மின்னலுக்கு வழி விடுவது. குழிகள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது.

விவசாயியால் என்ன தர முடியும்?

பேரிடர் நேரத்தில் ஹாம் குழு ஊருக்குள் வந்து பள்ளிக்கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ரேடியோ வைத்தால், முதலில் தேவைப்படுவது மின்சாரம். அதை அரசு கொண்டுவரும்வரை ஊரில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம்.

முதல் உதவி டிராக்டர். அதில் நல்ல 12 வோல்ட் பேட்டரியும், அதைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டரும், டேங்கில் டீசலும் இருக்கின்றன. ஃபியூஸ் போட்ட தடித்த கம்பியால் பேட்டரி முனையிலிருந்து ரேடியோவுக்கு நேராக எடுக்கலாம். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினை ஓடவிட வேண்டும். அது ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரி என்பதால் முழுதும் வடியவிட்டால் டிராக்டரும் நிற்கும், ரேடியோவும் நிற்கும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட்டக் கூடாது, புகை உயிரைக் குடிக்கும்.

சோலார் பம்ப் வைத்திருப்பவர்கள், ‘இத்தனை பேனல் இருக்கிறதே, இதிலிருந்து எடுக்கலாமா’ என்று கேட்பது நியாயம். அவசரப்பட்டு வயரைப் பிரிக்கக் கூடாது. பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் பம்புக்குப் போகும் கம்பியில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்க முடியாது. தொட்டால் உயிர் போகும். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒரே ஒரு பேனலைத் தனியே பிரித்தெடுக்கலாம். அந்த ஒன்றும் 30 வோல்ட்டுக்கு மேல் தருவதால் பேட்டரிக்கு நேராகக் கொடுக்காமல், அதற்கேற்ற சார்ஜ் கன்ட்ரோலர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பம்ப் கம்பெனியின் உத்தரவாதம் போய்விடுமா என்பதையும் மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் உதவும். இரண்டு பேட்டரி தொடராகக் கட்டிய 24 வோல்ட் அமைப்பானால், ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுக்க வேண்டும். 24-ஐ அப்படியே கொடுத்தால் ரேடியோ புகைந்துவிடும். எரவாணத்தில் தூங்கும் பழைய பேட்டரியைத் தூசி தட்டிக் கொடுப்பது மட்டும் உதவியில் சேராது.

மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் நிலத்தில் ரிப்பீட்டர் அறை இருந்தால் இன்னொன்றையும் செய்யலாம். புயல் நாளில் அடிவாரத்திலிருந்து ஹாம் ஆள் மேலே ஏறி வர முடியாது. அறைச் சாவியின் இன்னொரு பிரதி தோட்ட வீட்டில் இருக்கட்டும். எந்த ஸ்விட்ச் பேட்டரியுடையது, எந்த முனை சிவப்பு, ரிப்பீட்டரை 10 வாட்டுக்கு இறக்குவது எப்படி, ஜெனரேட்டரை எங்கே இணைப்பது என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள். எலி கடித்த வயர், குரங்கு இழுத்துப்போட்ட ஏரியல், கூரையில் ஒழுக்கு எதையாவது பார்த்தால் மழைக்கு முன்பே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம். அப்போது டவர் வேலை செய்யும்.